பிரிட்ஜ் பெட்டியில் குளிர்காலம்

புது டீச்சருக்கு அந்த மழலையர் பள்ளியில் இருந்த கெட்ட பெயர் ஒன்றே ஒன்றுதான்: குப்பை சேர்க்கிறவள். அது பொய்யும் இல்லை. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து, வீட்டில் தூக்கிப் போடுவதையெல்லாம் பிள்ளைகளின் பையில் வைத்து அனுப்பும்படி பெற்றோர்களிடம் சொல்லியிருந்தாள். முட்டை அட்டை, பால் டப்பா, பாட்டில் மூடி என்று நல்லபடியாகத்தான் ஆரம்பித்தது. பிறகு ஆளாளுக்கு இதுதான் சாக்கு என்று பரணைக் காலி செய்துவிட்டார்கள். ஒரு வீட்டிலிருந்து உடைந்த கழிப்பறை இருக்கை வந்தது. பெரிய டீச்சர் அதை மட்டும் திருப்பி அனுப்பினார்.

பெரிய டீச்சர்தான் பள்ளியை நடத்துகிறவர். சுத்தத்தில் கண்டிப்பானவர். புது டீச்சர் இதற்கு முன்பு ஒரு பிரிட்ஜ் கம்பெனியில் தொலைபேசியில் புகார் கேட்கும் வேலையில் இருந்தாள். ஒழுகுகிறது, சத்தம் போடுகிறது, என்ன செய்தாலும் நிற்கவில்லை என்று நாள் முழுக்கக் கேட்டுப் பழகியவளுக்கு மூன்று நான்கு வயதுப் பிள்ளைகள் பெரிய மாற்றமாகத் தெரியவில்லை.

அந்த வாரம் பள்ளியின் பின்பக்கத்து வெளியில் காடு எழும்பியது. தரைவிரிப்புச் சுற்றி வரும் நீளமான அட்டைக் குழாய்கள் மரங்களாயின. பிள்ளைகள் உதிர்ந்த இலைகளைப் பொறுக்கி வந்து கோந்து தடவி ஒட்டினார்கள். பாதி மரத்தில், பாதி தலைமுடியில். முட்டை அட்டையைக் கவிழ்த்துக் கால் வைத்தால் ஆமை. பால் டப்பாவுக்குக் காது வைத்தால் கரடிக்குட்டி. கிழிந்த நீலப் படுக்கை விரிப்பு ஆறாக ஓடியது. ஒரு பிள்ளையின் அம்மா தன் அலுவலகத்தில் இயந்திரம் தின்று துப்பிய காகிதத்தை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து கொட்டினார். அது பனி.

எல்லாவற்றுக்கும் மேல் குகை. பழைய கம்பெனியில் கேட்டு வாங்கிய பெரிய பிரிட்ஜ் பெட்டி. பக்கவாட்டில் வாசல் வெட்டி, இலை ஒட்டிய சாக்கைத் திரையாகத் தொங்கவிட்டிருந்தாள். பிள்ளைகள் முறை போட்டுக்கொண்டு கரடியானார்கள். மலையில் இருக்கும் கரடி பனி விழுந்ததும் குகைக்குள் போய்ப் படுத்துவிடும், எதுவும் சாப்பிடாது, பனி உருகிப் பூப் பூத்த பிறகுதான் வெளியே வரும், குட்டி தூங்கும்போது அம்மாக் கரடி அதை விட்டு அசையாது என்று புது டீச்சர் வாய் போன போக்கில் சொல்லி வைத்தாள். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் வக்கீலும் ஒருத்தி.

வக்கீலுக்கு நாலரை வயது. பட்டம் கொடுத்தது ஆயா. ஒருமுறை "ஒரு நிமிஷம் இரும்மா" என்று சொல்லிவிட்டு ஆயா வேறு வேலையில் இறங்க, இவள் பக்கத்திலேயே நின்று ஒன்று இரண்டு என்று எண்ணத் தொடங்கிவிட்டாள். இருபதுக்கு மேல் தெரியாது. அதனால் மூன்று தடவை எண்ணி முடித்து, நிமிஷம் ஆகிவிட்டது என்று அறிவித்தாள். அன்றிலிருந்து அந்தப் பெயர்.

அந்த வாரம் ஒருநாள் சாயங்காலம் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு வேன் போய்விட்டது. வக்கீலை அழைத்துப் போக அவள் அப்பா வந்தார். அவர் லிப்ட் மெக்கானிக். புது டீச்சர் பின்பக்கம் போய்க் குகை வாசலில் நின்று கூப்பிட்டாள்.

"கரடி வராது," என்றது உள்ளேயிருந்து ஒரு குரல். "குட்டி தூங்குது. மெதுவா பேசுங்க."

அப்பா வந்து குனிந்து கூப்பிட்டார். அதே பதில். வழியில் ஐஸ்கிரீம் வாங்கித் தருவதாகச் சொன்னார். கரடி தூங்கும் காலத்தில் எதுவும் சாப்பிடாது, டீச்சரே சொன்னார் என்று பதில் வந்தது. மெக்கானிக் நிமிர்ந்து டீச்சரைப் பார்த்தார். டீச்சர் ஆமையைப் பார்த்தாள்.

பாதியில் நின்ற லிப்டில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பது அவருக்குக் கைவந்த கலை. ஆனால் இதுவரை அவர் எடுத்தவர்கள் எல்லாரும் வெளியே வர ஆசைப்பட்டவர்கள். இந்த வித்தியாசத்தை அவர் அன்றுவரை யோசித்ததில்லை.

பெரிய டீச்சரும் வந்துவிட்டார். விஷயத்தைக் கேட்டார். அவர் முகத்தில் எந்த மாறுதலும் இல்லை. அதுதான் கோபம் என்று புது டீச்சருக்குத் தெரியும்.

"பெட்டியத் தூக்கிட்டா முடிஞ்சுது," என்று மெக்கானிக் இரண்டு ஓரத்தையும் பிடித்தார்.

"தூக்கலாம் சார்," என்றாள் புது டீச்சர். "ஆனா கரடி பொய்னு ஆயிட்டா, நாளைக்கு அடுப்பு சுடும்னு நான் சொன்னாக்கூட இவ நம்பமாட்டா."

மெக்கானிக் கையை எடுத்துவிட்டார். அவர் வீட்டிலும் அடுப்பு இருந்தது.

"அப்ப இதுக்கு என்னதான் வழி?" என்றார் பெரிய டீச்சர்.

"வசந்தம் வரணும் மேடம்."

"எப்ப வரும்?" பஸ் எப்போது வரும் என்று கேட்பது போலவே கேட்டார்.

"முட்டை அட்டை நிறைய இருக்கு. எல்லாரும் உக்காந்தா சீக்கிரம் வந்துரும்."

உட்கார்ந்தார்கள். பிள்ளைகளின் கத்தரிக்கோல் எதையும் வெட்டாது, அதற்காகவே வாங்கியது. அட்டையைக் கையால் பிய்த்துப் பூவாக்கி, மூடியை நடுவில் ஒட்டி, குச்சியில் செருகினார்கள். மெக்கானிக் தன் பையிலிருந்து கம்பி எடுத்து இதழ்களை முறுக்கிக் கட்டினார். அவர் செய்த பூ ஒன்றில் மூன்று பேர் தொங்கினாலும் தாங்கும். பனியை அள்ளும் வேலை பெரிய டீச்சருக்கு. அவர் முறத்தோடு குனிந்து அள்ள, காற்று அதைத் திரும்ப அவர்மீதே போட்டது.

சாக்கு லேசாக விலகியது. ஒரு கண் தெரிந்தது.

"அந்த மூலையில இன்னும் பனி இருக்கு."

பெரிய டீச்சர் அந்த மூலைக்குப் போனார்.

வசந்தம் என்றால் குயில் கூவ வேண்டுமே என்று மெக்கானிக்குக்குத் தோன்றிவிட்டது. விசிலடித்தார். ஆம்புலன்ஸ் மாதிரி இருக்கிறது என்று குகைக்குள்ளிருந்து கருத்து வந்தது. அவர் நிறுத்திக்கொண்டார்.

அந்த நேரத்தில்தான் பஞ்சுவின் அம்மா வந்தார். பேக்கரியில் வேலை, எல்லாரும் போன பிறகுதான் அவரால் வர முடியும். பஞ்சு மூன்று வயதுப் பெண். ஒரு இடத்தில் வைத்தால் வைத்த இடத்தில் இருப்பாள், சத்தமே வராது. தினமும் அம்மா வரும்வரை ஆயாவின் பொறுப்பில் தூங்கும் அறையில் தனியாக இருப்பது வழக்கம். சில நாள் வாசலைப் பார்த்தபடி அழுவாள், அதுவும் சத்தமில்லாமல்.

பஞ்சு எங்கே என்று அம்மா கேட்டார். ஆயா, டீச்சரோடு இருக்கிறாள் என்றாள். புது டீச்சர், ஆயாவோடு இருக்கிறாள் என்று நினைத்திருந்தாள்.

எல்லாரும் ஒரே சமயத்தில் ஓடினார்கள். அறை, மேசைக்கு அடி, கழிப்பறை, சமையல்கட்டு. மெக்கானிக் தெருவுக்கே போய்விட்டார். வேனோடு போய்விட்டாளோ என்று பெரிய டீச்சர் டிரைவரைக் கூப்பிட, அவர் எடுக்கவில்லை. புது டீச்சர் காட்டின் நடுவே நின்று பஞ்சுவின் பெயரைச் சொல்லிக் கத்தினாள். பஞ்சுவின் அம்மா கத்தவில்லை. ஒவ்வொரு அட்டை மரத்தின் பின்னாலும் போய்ப் பார்த்தார், அதன் பின்னால் ஒரு பூனைகூட ஒளிய முடியாது என்றாலும்.

குகைக்குள்ளிருந்து சலித்துப்போன குரல் வந்தது. "மெதுவா பேசுங்கன்னு எத்தன தடவ சொல்றது? குட்டி எழுந்துக்கும்."

புது டீச்சர் மண்டியிட்டுச் சாக்கைத் தூக்கினாள்.

வக்கீல் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் தலைவைத்து, கட்டை விரலை வாயில் போட்டபடி, பஞ்சு நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். பால் டப்பாக் கரடிக்குட்டி அவளுக்கு அடியில் நசுங்கிக் கிடந்தது.

"இவ தினமும் கடைசியா தனியா இருக்கா," என்றாள் வக்கீல். "குட்டிய விட்டுட்டு அம்மாக் கரடி போகாதுன்னு நீங்கதான சொன்னீங்க?"

பிள்ளைகள் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்பவள் என்று தன்னைப் பற்றி ஒரு நினைப்பு புது டீச்சருக்கு இருந்தது. இந்தப் பெண் முதலிலேயே உண்மையைச் சொல்லிவிட்டாள். மூன்று பெரியவர்கள் அதைக் கேட்டுவிட்டு உட்கார்ந்து பூ செய்திருக்கிறார்கள்.

பஞ்சுவின் அம்மா வந்து பக்கத்தில் அமர்ந்தார். பிள்ளையைத் தூக்கவில்லை; அவள் முதுகில் கையை மட்டும் வைத்துக்கொண்டார். அவர் கையில் இன்னும் மாவு இருந்தது. தெருவிலிருந்து ஓடி வந்த மெக்கானிக் மூச்சிரைக்க நின்றார். பெரிய டீச்சர் தலையில் பனியோடு நின்றார். பஞ்சு கண்ணைத் திறந்தாள். சுற்றிலும் பூ. அதைப் பார்த்தாள், எல்லாரையும் பார்த்தாள்.

"ஒன்னுக்கு வருது," என்றாள்.

அத்துடன் குளிர்காலம் முடிந்தது. வக்கீலும் எழுந்திருக்கப் பார்த்தாள், முடியவில்லை. "கரடிக்குக் கால் மரத்துப்போச்சுப்பா," என்றாள். மெக்கானிக் அவளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டார். போகும்போது பஞ்சுவின் அம்மா வக்கீலின் காலைப் பிடித்து, குதிகாலிலிருந்து மேலாக நீவிவிட்டார். நன்றி என்று அவர் வாயால் சொன்னதாக யாருக்கும் ஞாபகமில்லை.

மறுநாள் முதல் மெக்கானிக் தாமதமாகவே வந்தார். சீக்கிரம் வந்தாலும் பயனில்லை, பஞ்சுவின் அம்மா வரும்வரை கரடி நகராது. எந்தப் பிள்ளை யார் பொறுப்பு என்பதை வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் நகர வேண்டும் என்று பெரிய டீச்சர் உத்தரவு போட்டார். காட்டை அகற்றச் சொல்வார் என்று புது டீச்சர் காத்திருந்தாள். அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அடுத்த வாரம் மழை பெய்து குகை கூழாகிப்போனது. மெக்கானிக்கின் பூக்கள் மட்டும் நின்றன.

அடுத்து என்ன என்று பெரிய டீச்சர் ஒருநாள் கேட்டார். கடல் என்றாள் புது டீச்சர்.

அவர் கொஞ்சம் யோசித்தார். "கடல் இருக்கட்டும். அதுல தூங்குற பிராணி எதுவும் வேண்டாம்."

சரி என்று சொல்லிவிட்டு, புது டீச்சர் காலிப் பாட்டில் கேட்க ஜூஸ் கடைக்குப் போனாள்.