கோப்பை அடியில் கசப்பு

என் மனைவி தேநீரில் எதையோ கலக்கிறாள் என்ற முடிவுக்கு நான் வந்தபோது ஏணியின் உச்சியில் நின்றிருந்தேன். ஒரு பள்ளிக்கூடச் சுவருக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். தலை கிறுகிறுவென்று சுற்றியது. பிரஷ் கீழே விழுந்தது, நல்லவேளை நான் விழவில்லை. மீசை முளைத்த நாளிலிருந்து ஏணி ஏறுகிறவன் நான். எனக்குக் கொஞ்ச நாளாக, அதுவும் காலைத் தேநீர் குடித்த பிறகு மட்டும், ஏன் சுற்ற வேண்டும்?

அவளுக்குக் காரணம் இருந்தது. "இந்த வயசுல ஏணி ஏறி என்னத்தைக் கிழிக்கப் போறீங்க?" என்று கேட்காத நாளில்லை. நானாக இறங்கமாட்டேன் என்று தெரிந்து, தலையைச் சுற்றவைத்து இறக்கப் பார்க்கிறாள்.

மறுநாள் தேநீரைக் குடித்ததாகப் பாவனை காட்டிவிட்டு, கழுவுதொட்டியில் கொட்டினேன். அன்று சுற்றவே இல்லை. கோப்பையின் அடியில் வெள்ளையாக மாவு ஒட்டியிருந்தது. நாக்கில் வைத்தேன், கசந்தது. கேட்டால் மழுப்புவாள், அவளை எனக்குத் தெரியாதா. கோப்பையைக் காகிதத்தில் சுற்றி பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன்.

"கோப்பை ஒண்ணு குறையுதே" என்று அவள் தேடினாள்.

"பூனை தூக்கிட்டுப் போயிருக்கும்."

ஒரு மாதிரியாகப் பார்த்தாள். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. ரத்த அழுத்த மாத்திரையை நான் விழுங்கும்வரை பக்கத்திலேயே நிற்பாள். பிறகு கையில் பட்டையைக் கட்டி மெஷினை அமுக்குவாள். எண் இறங்கியிருக்காது. மெஷினையும் என் வாயையும் மாறி மாறிப் பார்ப்பாள்.

அந்த வாரம் மருத்துவரிடம் போகும் முறை வந்தது. கோப்பையும் என் பையில் வந்தது.

"மாத்திரை ஒழுங்கா சாப்பிடுறீங்களா ஐயா?" என்றார் டாக்டரம்மா.

என் மனைவி முந்திக்கொண்டாள். "எங்க சாப்பிடுறார்? நாக்குக்கு அடியில வச்சிருந்து துப்பிடுறார். இல்லேன்னா அழுத்தம் ஏன் இறங்கல?"

நான் கோப்பையை மேசைமேல் வைத்தேன். "இதுல என்னத்தைக் கலந்தான்னு இவளை முதல்ல கேளுங்க."

அவள் முகம் செத்துப்போனது. "அதே மாத்திரைதான்" என்றாள். "துப்புறாரேன்னு இன்னொண்ணைப் பொடி பண்ணிப் போட்டேன்."

"நான் ஒருநாளும் துப்பினதில்ல."

டாக்டரம்மா என் கையில் பட்டையைக் கட்டிக் காற்றேற்றினார். அது இறுகிக்கொண்டே போனது. மணிக்கட்டில் விரல் வைத்திருந்தவர் என் மனைவியின் விரலை இழுத்து அங்கே வைத்தார்.

"பட்டை இறுகினதும் இங்க துடிப்பு நின்னுடுச்சு. ஆனா குழாய் கயிறு மாதிரி தட்டுப்படுதா? சாதாரணமா அமுங்கிடும். வயசாக ஆக ரத்தக்குழாய் விறைச்சுப்போகும். அதை அமுக்கவே பட்டைக்குக் கூடுதல் பலம் வேணும். அதனால உள்ள இருக்குற அழுத்தத்தைவிட மெஷின் அதிகமா காட்டலாம். வேற முறையில அளந்து பார்த்துடுவோம்." முன்பு எடுத்த என் இதய ஸ்கேன் அறிக்கையைப் புரட்டினார். "இதயமும் கொஞ்சம் விறைச்சிருக்கு. சட்டுனு விரிஞ்சு ரத்தத்தை வாங்காது. அதுக்கு மேல ரெண்டு மாத்திரை போனா நிக்கும்போது தலை சுத்தத்தான் செய்யும்."

"ஏணியில நின்னா?" என்றாள் இவள்.

"விழவேண்டியவர்தான்."

அவள் மேசையிலிருந்த கோப்பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "அழுத்தம் ஏறி ஏணியிலேருந்து விழுந்துடுவாரேன்னுதான் கலந்தேன்."

அளந்து பார்த்ததில் உள்ளே அழுத்தம் அவ்வளவு இல்லை. மாத்திரை பாதியானது. உடம்பு நிலைக்கு வரும்வரை ஏணி கூடாது என்றார்கள், சரியென்றேன்.

மறுநாள் காலையில் அரை மாத்திரையும் தேநீரும் வந்தன. மாத்திரையை விழுங்கிவிட்டுக் கோப்பைக்குள் எட்டிப் பார்த்தேன். பாழாய்ப்போன பழக்கம். அவள் பார்த்துவிட்டாள். கோப்பையை வாங்கி, பாதியைக் குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

எனக்கு வெட்கமாகிவிட்டது. மிச்சத்தைக் குடித்தேன். பிறகு அவள் முன்னால் வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்டினேன்.

"மூடுங்க" என்றாள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.