பாய்லர்காரர் வீட்டுக் கெட்டில்

பாய்லர்காரர் என்றால் தெருவில் எல்லோருக்கும் தெரியும். முப்பத்தாறு வருஷம் ஆலை ஆலையாகப் போய், யானை படுத்த மாதிரி கிடக்கும் பாய்லர்களைத் தட்டிப் பார்த்து, கண்ணாடிக் குழாயில் தண்ணீர் மட்டத்தை முறைத்துப் பார்த்துச் சான்றிதழ் கொடுத்தவர். அவர் முறைத்தால் பாய்லர் பயந்துபோய்த் தானாகவே அழுத்தத்தைக் குறைத்துக்கொள்ளுமாம். சொன்னது அவர்தான். ஓய்வு பெற்று நாலு வருஷம் கழித்து, ஒன்றரை லிட்டர் கெட்டில் ஒன்று அவரை மதிக்க மறுத்தது.

கெட்டிலின் குற்றம் இதுதான். தண்ணீர் கொதித்ததும் சுவிட்ச் தானாக விழ வேண்டும், விழவில்லை. காலையில் மனைவி தண்ணீர் ஊற்றி, மூடியை அழுத்தி மூடி, சுவிட்சைத் தட்டிவிட்டுக் குளிக்கப் போனார். திரும்பி வந்தபோது சமையலறையில் மேகம் கட்டியிருந்தது. சுவர்க் கடிகாரத்துக்கு வியர்த்திருந்தது. காலண்டரில் மூன்று மாதங்கள் நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன.

"ஏங்க, சாயங்காலம் நாலு மணிக்குத் தம்பி வர்றான். வரும்போது புதுக் கெட்டில் ஒண்ணு வாங்கிட்டு வரச் சொல்லிடவா?"

"நான் உயிரோட இருக்கும்போதா?"

"இஸ்திரிப்பெட்டிக்கும் இதையேதான் சொன்னீங்க."

அவர் பழுது பார்த்த அந்த இஸ்திரிப்பெட்டி இப்போது படுக்கையறைக் கதவு சாத்திக்கொள்ளாமல் முட்டுக் கொடுத்து நிற்கிறது. அந்த வேலையை மட்டும் குறையில்லாமல் செய்கிறது.

"சரி, வாங்கிட்டே வரட்டும். நாலு மணிக்குள்ள நீங்க சரி பண்ணிட்டா அதைத் திருப்பி அனுப்பிடலாம். இல்லேன்னா அந்த மூணாவது இழுப்பறை எனக்கு."

பாய்லர்காரர் போய் அந்த இழுப்பறைக்கு முன்னால் நின்றுகொண்டார். சமையலறை மேடைக்குக் கீழே இருந்த மூணாவது இழுப்பறைதான் அந்த வீட்டில் அவர் ஆட்சி நடக்கும் ஒரே பிரதேசம். ஏழு ஸ்க்ரூடிரைவர், எரிந்த ஃப்யூஸ்கள், எதற்கென்று தெரியாத நானூறு திருகாணிகள். டிவி ரிமோட் கைமாறிய நாளிலிருந்து அவருக்கு மிச்சமிருந்த சொத்து அவ்வளவுதான். கரண்டி வைக்க இடம் இல்லை என்று மனைவி அதன் மேல் கண் வைத்து வெகுநாள் ஆகிறது.

உடனே வேலையில் இறங்கினார். பிளக்கைப் பிடுங்கி, கெட்டிலை ஆறவிட்டு, அடித்தட்டின் மின்முனைகளைக் காய்ந்த துணியால் துடைத்தார். உள்ளே எட்டிப் பார்த்தால் அடியில் வெள்ளையாக உப்புப் படிந்து கிடந்தது. அதில் பாத்தி கட்டிப் பயிர் வைக்கலாம். இரண்டு எலுமிச்சம்பழத்தைப் பிழிந்து, தண்ணீர் ஊற்றிக் கொதிக்கவிட்டு, கையால் அணைத்து அரை மணி நேரம் ஊறவைத்தார். கைப்பிடிப் பக்கம், மூடிக்குக் கீழே நீராவி போகும் சின்னத் துளையும் உப்பால் அடைபட்டிருந்தது. அதைப் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துத் திறந்து, மூன்று முறை அலசிக் கொட்டினார்.

உண்மையில் அப்போதே, பதினொரு மணிக்கே, நோய் தீர்ந்துவிட்டது. இது கெட்டிலுக்குத் தெரியும், அவருக்குத் தெரியாது.

காரணம் அவருடைய பழக்கம். தண்ணீரைக் கண்ணால் பார்க்காமல் எந்தச் சோதனையும் செய்தவரில்லை. மூடியைத் திறந்து வைத்து, மூக்கு வேகாத தூரத்தில் நின்று, கெட்டிலை முறைத்தார். முதல் குமிழி வந்த நேரம், பெரிய குமிழி வந்த நேரம், எல்லாம் நோட்டில் ஏறின. தண்ணீர் தளதளவென்று கொதித்தது. சுவிட்ச் விழவில்லை. கையால் அணைத்தார். பிளக் பாயிண்ட்டை மாற்றினார், விழவில்லை. தண்ணீரைக் குறைத்தார், விழவில்லை. கூடத்துக்குக் கொண்டுபோய் வைத்தார், அங்கேயும் விழவில்லை.

"பதினாலு தடவை கொதிக்க வச்சாச்சு," என்றார் மனைவி. "அண்டா, வாளி, பூவாளி எல்லாம் ரொம்பிப் போச்சு. இனிமே ஊத்தறதுக்கு என் வாய்தான் பாக்கி."

மூணே முக்காலுக்கே மச்சினன் வந்துவிட்டான், அக்குளில் புதுக் கெட்டில் பெட்டியோடு.

"என்ன மாமா, குளியலறையை இங்க மாத்திட்டீங்களா?"

"மாப்ள, இன்னும் கால் மணி நேரம் இருக்கு. அந்தப் பெட்டியைக் கீழ வைக்காத."

பதினைந்தாவது சோதனை தொடங்கியது. நீராவி கூரையை முட்டியது. மூக்குக்கண்ணாடியில் ஆவி படிந்து அவருக்கு உலகமே மறைந்தது. கழற்றித் துடைத்துக்கொண்டிருந்த நேரத்தில், "சுவரெல்லாம் ஊறிப் போகுது" என்று மனைவி மூடியைப் பட்டென்று சாத்தினார்.

பத்து எண்ணுவதற்குள் 'டக்' என்று சுவிட்ச் விழுந்தது.

மூன்று பேரும் கெட்டிலைப் பார்த்தார்கள். நீராவி கைப்பிடிக்குள் போய் அங்கிருக்கும் சின்னத் தகட்டைச் சூடாக்கினால்தான் சுவிட்ச் விழும். மூடி திறந்திருந்தால் நீராவி நேரே கூரைக்குப் போய்விடும். நீராவி பற்றி நாற்பது ஆலைகளில் பாடம் எடுத்த மனிதருக்கு இது புரிய அரை நொடிகூட ஆகவில்லை. முகம் மட்டும் கொதிக்காத தண்ணீர் மாதிரி அசையாமல் இருந்தது.

"ஆகா! மாமா ஜெயிச்சுட்டார்!" என்றான் மச்சினன்.

"எப்படிங்க சரியாச்சு?" என்றார் மனைவி.

எலுமிச்சம்பழம் என்று சொல்லிவிட்டால் முழு இழுப்பறையும் அவருக்குத்தான். பொய்யும் இல்லை. வாயைத் திறந்தார். ஆனால் பொய்ச் சான்றிதழில் ஒரு நாளும் கையெழுத்துப் போடாதவர். பாதி உண்மைக்கும் கை ஓடவில்லை.

"காலைல பதினோரு மணிக்கே சரியாயிடுச்சு," என்றார். "அதுக்கப்புறம் மூடியைத் திறந்து வச்சது நான். மூடினது நீ."

"அப்போ நாலஞ்சு மணி நேரமா கெட்டில் கெடலை?"

"கெடலை."

மனைவி சிரிக்கவில்லை. அதுதான் அவரை ரொம்பக் கலக்கியது. இழுப்பறையை வெளியே இழுத்து, மச்சினனிடம் அளவு டேப்பைக் கொடுத்தார்.

"டேய், நடுவுல ஒரு கோடு போடு. பாதி அவருக்கு, பாதி எனக்கு."

"இந்தப் புதுக் கெட்டிலை என்னக்கா பண்றது?"

"நீ கொண்டு போய் உன் வீட்ல வச்சுக்கோ. மூடியை மட்டும் மூடி வை."

இடது பக்கத்துக்கு ஃப்யூஸ்கள் போயின, நானூறு திருகாணிகள் போயின, ஆறு ஸ்க்ரூடிரைவர்கள் போயின. வலது பக்கத்தில் கரண்டிகள் வந்து படுத்துக்கொண்டன. ஏழாவது ஸ்க்ரூடிரைவருக்கு இடம் போதவில்லை. பாய்லர்காரர் அதைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு தேநீர் குடிக்க உட்கார்ந்தார்.