குச்சிக்கு வடக்கே பத்தடி

மதியம் ஸெனோன் போன் செய்தபோது நான் பறவை ஆராய்ச்சி நிலையத்துச் சமையலறையில் பீட்ரூட் சூப்பைக் கிண்ணத்தில் ஊற்றிக்கொண்டிருந்தேன். போனில் அவர் குரலை விட வண்டிச் சத்தம்தான் பெரிதாகக் கேட்டது. பனிமலையில் ஓடவேண்டிய சங்கிலிச் சக்கர வண்டியைக் கோரை அறுக்கிற மாதிரி மாற்றி, பியெப்ஷா சதுப்பு முழுக்க அதில்தான் சுற்றுவார் மனுஷன்.

"டாக்டரம்மா, உங்க பக்கம் முடியப் போகுது!"

"என் பக்கமா? வெள்ளிக்கிழமைதானே வர்றதாச் சொன்னீங்க?"

"மேகத்தப் பாத்தீங்களா? வெள்ளிக்கிழமை வரைக்கும் காத்திருந்தா கோரையெல்லாம் கஞ்சியாயிரும். பயப்படாதீங்க, உங்க குச்சி ஒண்ணக்கூடத் தொடல. ஒவ்வொண்ணச் சுத்தியும் ஒரு சாப்பாட்டு மேசை அளவுக்கு விட்டு வச்சிருக்கேன். பாத்தா கட்டிப் புடிச்சு முத்தம் குடுப்பீங்க!"

பாத்திரத்தைக் கீழே வைத்தேன்.

குருவிக் கூடு குச்சியடியில் இல்லை. கூட்டுக்குப் பக்கத்திலேயே குச்சி நட்டால் காக்கையும் பூனைப்பருந்தும் இரண்டே நாளில் கண்டுபிடித்துவிடும். அதனால் பத்தடி தள்ளித்தான் நடுவேன். குச்சிக்கு நேர் வடக்கே கூடு. போன வருஷம் கேமராவும் கையுமாக வந்த ஒருத்தன் இரண்டு கூடுகளை மிதித்து நாசமாக்கினான். அன்றிலிருந்து இந்தக் கணக்கை யாரிடமும் சொல்வதில்லை. ஸெனோனிடம்கூட, "குச்சிப் பக்கம் போகாதீங்க" என்றதோடு சரி.

"ஸெனோன் ஐயா, நிறுத்துங்க! வண்டிய நிறுத்துங்க!"

"ஒண்ணும் கேக்கல, அப்புறம் பேசறேன்!"

நாலு முறை திருப்பி அடித்தேன். காதடைப்பானை மாட்டிவிட்டால் அந்த ஆளுக்கு இடி விழுந்தாலும் கேட்காது. சூப்பை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

நீர்க் கதிர்க்குருவி, பன்னிரண்டு கிராம் எடை. நூறு குஞ்சு பொரிந்தால் எத்தனை பறக்கிறது, எத்தனை செனகல் வரை போய் மே மாதம் திரும்புகிறது என்று பார்ப்பதுதான் என் பிழைப்பு. இந்தக் கோடையில் இரண்டாம் முறை குஞ்சு பொரித்ததில் எனக்குக் கிடைத்தது ஏழே ஏழு கூடுகள். குஞ்சுகளுக்கு ஒன்பது நாள் வயசு. இன்னும் ஐந்து நாள் போனால் கோரைத் தண்டைப் பற்றிக்கொண்டு தப்பித்துவிடும். இப்போது சத்தம் கேட்டால் ஓடாது, அப்படியே பதுங்கும். முழங்கால் வரை சேற்றில் இறங்க, இடது பூட்ஸ் உள்ளேயே நின்றுவிட்டது. போய்த் தொலையட்டும். மாதாவே, ஒன்றாவது மிஞ்சட்டும், ஒன்றே ஒன்று!

மேடேறிப் பார்த்தேன். மொட்டையடித்த தரையில் ஆறு கோரைக் குடுமிகள். ஒவ்வொன்றின் நடுவிலும் என் குச்சி நேராக நின்றது. பாவி மனுஷன், அவ்வளவு அக்கறையாக அறுத்திருந்தார்.

முதல் குச்சியிலிருந்து வடக்கே பத்தடி நடந்தேன். அங்கே சங்கிலித் தடத்தில் கூடு நசுங்கிக் கிடந்தது. இரண்டாவதிலும் அதேதான். மூன்றாவதற்குப் போகவில்லை. வண்டி ஏழாவது குச்சியைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

இரண்டு கையையும் வீசிக்கொண்டு குறுக்கே போய் விழுந்தேன். வண்டி குலுங்கி நின்றது. ஸெனோன் காதடைப்பானைக் கழற்றினார்.

"என்ன டாக்டரம்மா, சாகணும்னு வேண்டுதலா? ஒத்தக் கால்ல பூட்ஸ் வேற!"

"கூடு குச்சிகிட்ட இல்ல. வடக்க பத்தடியில இருக்கு."

சிரிப்பு அப்படியே நின்றது. திரும்பி அந்த ஆறு குடுமிகளையும் பார்த்தார். எஞ்சினை அணைத்தார்.

"ஆறுலயுமா?"

"ஆறுலயும்."

"ஏன் சொல்லல?"

விதிமுறை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். வாயில் உண்மைதான் வந்தது. "கடையில பீர் குடிக்கும்போது யார்கிட்டயாவது சொல்லிருவீங்களோன்னு பயம்."

"இருபத்திரெண்டு வருஷமா இங்க அறுக்கறேன்" என்றார். "ஒரு தடவ, ஒரே ஒரு தடவ, ஒரு கூட்டக் கண்ணுல காட்டியிருக்கியாம்மா?"

அதுவரை அவர் என்னை ஒருமையில் பேசியதே இல்லை. சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனேன். ஏழாவது குச்சிக்கு வடக்கே, இன்னும் அறுபடாத கோரையை விலக்கிக் காட்டினேன். நாலு குஞ்சுகள், ஒன்றன்மேல் ஒன்றாகப் பதுங்கியிருந்தன. நாங்கள் விலகி வந்து ஈரத்தில் குப்புறப் படுத்தோம். தாய் வரவில்லை. ஐந்து நிமிஷம், பத்து நிமிஷம். இதுவும் போச்சு என்று நினைத்தேன். மழை தூற ஆரம்பித்த பிறகுதான் வந்தாள், வாயில் ஒரு சிலந்தியோடு. சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு உள்ளே இறங்கினாள்.

ஸெனோன் என் பக்கம் திரும்பாமலே கேட்டார்.

"அந்த ஆறுலயும் சேத்து எத்தன குஞ்சு?"

"வேணாம், ஸெனோன் ஐயா."

"இப்பவாவது மறைக்காமச் சொல்லு."

"இருபத்தேழு" என்றேன்.