எண்ணுக்கு ஆள் இல்லை

கழுத்தில் பிடித்த வலி தோள் வழியாக முழங்கை வரை இறங்கியிருந்தது ஜபீனுக்கு. பழவேற்காட்டிலிருந்து பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தது பாதி, காலையிலிருந்து குனிந்து பார்த்த திரை பாதி.

கும்மிடிப்பூண்டியில் இரும்புக் கம்பி உருட்டும் மில்லின் ஆபீஸில் வேலை. காண்ட்ராக்டர் அருணகிரி வாராவாரம் அனுப்பும் வருகைக் கணக்கு எக்ஸ்எம்எல் பைலாக வரும். அவள் டேட்டாபேஸில் ஏற்றுவாள். அந்த முறை 2006இல்தான் வந்தது. ஏற்றுமுன் ஸ்கீமா என்னும் விதிப்பட்டியல் சோதிக்கும்: தொழிலாளியின் டோக்கன் எண் இருக்கிறதா, நாலு இலக்கமா, நேரம் நேரம் மாதிரி இருக்கிறதா. ஒன்று பிசகினாலும் பைல் முழுவதையும் திருப்பியடிக்கும். ஆனால் அந்த எண்ணுக்கு ஓர் ஆள் உண்டா என்று, பெயர்ப்பட்டியல் இருக்கும் பக்கத்து டேபிளை எட்டிப் பார்க்க அதற்குக் கண் கிடையாது.

ஆள் குறைந்தால் அருணகிரி புதுவாயலில் கூலிக்கு நிற்பவர்களை வேனில் அள்ளி வருவார். அவர்களுக்கு டோக்கன் ஏது? இடத்தைக் காலியாக விட்டதும் பைல் திரும்பியது, மொத்தப் பேருக்கும் சம்பளம் நின்றது. போன் மேல் போன் வந்த பேஜாரில், நாலு இலக்கமாக எதையாவது போடுங்கள் என்று ஜபீன்தான் சொன்னாள். அன்றுமுதல் தினக்கூலிகள் எல்லாருமே 9999.

அதில் ஒருவன் ஆரம்பாக்கத்துக் குப்புராஜ். போன வாரம் சிவக்கக் காய்ந்த கம்பி தடம் மாறித் துள்ளி அவன் காலைச் சுற்றிக்கொண்டது.

பெண்டாட்டி முத்தம்மா ஆபீஸுக்கே வந்துவிட்டாள். மேனேஜர் ஹேமநாத் திரையைத் திருப்பிக் காட்டினார். குப்புராஜ் என்று யாரும் வேலைக்கு வரவில்லை, கம்ப்யூட்டரே சரிபார்த்து ஏற்றுக்கொண்ட கணக்கு என்றார்.

"அப்ப என் ஊட்டுக்காரு காலு எங்க வெந்துச்சு நைனா? எங்க ஊட்டு அடுப்புலயா?"

ஹேமநாத் ஜபீனைப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் ஆளப் பாக்கல சார். நம்பர் நாலு இலக்கமான்னுதான் பாத்துச்சு," என்றாள். "அந்த 9999ல அவரும் இருக்காரு. நான்தான் போடச் சொன்னேன்."

"இருக்காருன்னு உன் டேட்டாபேஸ் சொல்லுமா?"

"சொல்லாது."

"அப்பறம் இன்னா?"

முத்தம்மாவுக்குப் பாதிதான் புரிந்தது. "ஆளுக்கு ஒரு நம்பரு குடுத்தா இன்னா கொறஞ்சிடும் பாப்பா?" என்றாள்.

ஜபீன் நடந்ததை எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்தம்மாவிடம் கொடுத்தாள். அடுத்த மாதமே அவளுக்கு வேலை போயிற்று. வேனில் யாரை ஏற்றினோம் என்று நினைவில்லை என்றுவிட்டார் அருணகிரி. ஆஸ்பத்திரியில் குப்புராஜின் கால்விரல்களை எடுத்தார்கள். அந்தக் காலுக்கு மில் தரவேண்டிய நஷ்டஈடு இன்னும் பாக்கி.