சத்திரத்துச் சுமைதாங்கி

தமிழ்நாட்டில் இதுவரை பிறந்தவர்களில் எந்தக் கல்லுக்கும் அஞ்சாத ஒரே மனிதன் தீனதயாளன்தான். இதை அவனே அறிவித்தான். யாரும் மறுக்கவில்லை, அவனுடைய பொக்லைன் அப்போது ஓடிக்கொண்டிருந்தது.

சங்கராபுரத்திலிருந்து மலைக்குப் போகும் சாலையை அகலப்படுத்துகிறார்கள். அதற்காக அடிவாரத்துச் சத்திரத்தை இடித்துக்கொண்டிருந்தான். புளியும் கடுக்காயும் ஏற்றி மலையிறங்கிய மாட்டுவண்டிகள் ஒரு காலத்தில் இங்கேதான் இரவு தங்கின. மாட்டுக்கு வைக்கோல், மனிதருக்குச் சோறு, சாதி பார்த்துத் தனித்தனித் தாழ்வாரம். 'தர்மம் எல்லோருக்கும் பொது' என்று வாசல்கல்லில் செதுக்கியிருந்தார்கள். பிரசவ வலியோடு வண்டியில் வந்த ஒருத்தியை மட்டும் தீட்டு என்று உள்ளே விடவில்லை. வயிற்றுப்பிள்ளையோடு வாசலிலேயே செத்துப்போனாள். உடனே தர்மம் விழித்துக்கொண்டு, அவள் பெயரில் சுமைதாங்கி நட்டது. நெஞ்சுயரத்தில் இரண்டு கல், மேலே ஒரு பலகைக்கல். வழியில் போகிறவர்கள் அதில் சுமையை இறக்கினால் அவள் வயிற்றுப் பாரம் குறையுமாம்.

புல்லுக்கட்டோடு வந்த சாலம்மாள் அதன்மேல் கட்டை இறக்கினாள்.

"இன்னாக்கா, செத்தவளுக்கு வெயிட்டு கம்மியாச்சா? தராசு எடுத்தாரட்டா?" என்றான் தீனதயாளன்.

"உம் பொண்டாட்டிக்கு இது நெறமாசம்டா. வாயக் கழுவு."

"அவளுக்கு ஆம்புலன்ஸு கீது. கல்லு எதுக்கு? டீ குடிச்சிட்டு வந்து இதையும் புடுங்கிர்றேன்."

மதிய பஸ் போய்விட்டது, இனி சாயங்காலம்தான் வண்டி வரும் என்று இடிபாட்டையெல்லாம் சாலையிலேயே குவித்துவிட்டு, எதிரே காஜா பாய் கடைக்குப் போனான். டீ வருவதற்குள் மாமியார் போன் வந்தது. தலைப்பிரசவத்துக்கு அவன் மனைவி ரம்யா மலைமேல் தாய்வீட்டில் இருந்தாள்.

"மாப்ள, வலி கண்டுடுச்சிங்க. ரத்தமா போவுது. ஆம்புலன்ஸ்ல எறங்கிக்கினு இருக்கோம்."

தீனதயாளன் குவியலைப் பார்த்தான். சாலையின் இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைவரை கச்சிதமாகக் குவித்திருந்தான்.

பொக்லைனுக்கு ஓடினான். காஜா பாயும் சாலம்மாளும் கையாலேயே செங்கல்லை வாரினார்கள். பாதி அள்ளுவதற்குள் ஆம்புலன்ஸ் வந்து குவியலுக்கு அந்தப்பக்கம் நின்று அலறியது. தர்மம் எல்லோருக்கும் பொது என்ற கல் நடுச்சாலையில் குறுக்கே கிடந்தது. பொக்லைன் வாளிக்கு அது லேசில் அடங்கவில்லை. நழுவி நழுவி விழுந்தது.

"சீக்கிரம் தள்ளுங்கண்ணா, நாடி எறங்குது!" என்று டிரைவர் கத்தினான்.

ஒருவழியாகக் கல் புரண்டது. தீனதயாளன் ஆம்புலன்சில் ஏறிக்கொண்டான். சைரன் கள்ளக்குறிச்சிப் பக்கம் போய் மறைந்தது.

பொழுது சாயும் நேரம் வண்டி திரும்பி வந்தது. சைரன் இல்லை. உள்ளே ரம்யாவை முகம்வரை மூடியிருந்தது; பிள்ளையும் வயிற்றைவிட்டு வெளியே வரவில்லை.

"இங்க கொஞ்சம் நிறுத்து தம்பி."

தீனதயாளன் இறங்கினான். ஆஸ்பத்திரிக்கென்று ரம்யா கட்டி வைத்திருந்த துணிப்பை அவன் கையில் இருந்தது. உள்ளே இரண்டு குட்டிச் சட்டை, ஒரு பழைய சேலைத் துண்டு. காஜா பாய் அடுப்பைக் கவனிப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

அரைக் கிலோகூட இருக்காத அந்தப் பையை அவன் இரண்டு கையாலும் தூக்கி, சுமைதாங்கியின்மேல் இறக்கி வைத்தான்.