யானை முதல், மரம் கடைசி

எனக்குக் கோபம் கெதியில் வரும். இதை மறைத்து ஒருவரைக் கட்டுவது சரியில்லை என்று அம்மாவிடம் சொன்னேன். என் அம்மா மகாதேவிக்கு எதற்கும் மறுமொழி இருக்கும்.

"அதை முதல் நாளே சொல்லிப்போடாதை, சுவர்ணா. கந்தசட்டி வருது, விரதத்தைப் பிடி. மிச்சத்தை முருகன் பாத்துக்கொள்ளுவார்."

ஆகவே அந்த ஐப்பசியில் மழையும் விரதமும் ஒன்றாகத் தொடங்கின. பகலில் துளசித் தண்ணீர், பொழுதுபட்டால் பாலும் பழமும். விரதத்தின் கடைசி நாள் சூரன்போர். அன்றைக்கு வட்டுக்கோட்டைப் பக்கத்தில் மாப்பிள்ளை வீட்டாருடைய ஊர்க் கோயிலில் பெண் பார்ப்பது என்று இரண்டு பகுதியும் கதைத்து முடித்துவிட்டார்கள். பார்த்த பிறகு நான் ஓம் சொல்லவேண்டும், அல்லது இல்லை சொல்லவேண்டும். அதற்கு முன்னர் வேண்டுமென்றால் போனில் கதைத்துப் பழகலாமாம். பெரிய மனசு!

மாப்பிள்ளையின் பெயர் கோபிசங்கர். தோட்டக் கிணறுகளுக்கு இறைக்கிற மோட்டர்களைத் திருத்துகிற கடை வைத்திருந்தார். நான் கோப்பாயில் ரியூசன் வகுப்பில் கணிதம் படிப்பிக்கிறேன். வாய்தான் என் தொழில். அவருக்கோ வாய் இருந்ததாகவே தெரியவில்லை.

"சாப்பிட்டீங்களோ?" என்றார் முதல் நாள்.

"விரதம்."

"ஓ."

பிறகு ஒன்றுமில்லை. அவர் பக்கத்தில் மழை பெய்கிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தேன். எனக்குப் பொறுமை அவ்வளவுதான்.

"கடையைப் பூட்டினாப் பிறகு என்ன செய்வீங்கள்? சுவரைப் பாத்துக்கொண்டு இருப்பீங்களோ?"

"முந்தி விளையாடுவன். போனிலை ஒரு சண்டை கேம். ரெண்டு பேர் சேந்துதான் விளையாடலாம்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஆள் இல்லாமல் விட்டிட்டன். நீங்கள் வாறீங்களோ?" என்றார்.

இப்படியும் ஒருவன் பெண்ணை அழைப்பானா? ஆனால் சிரிப்பு வந்துவிட்டது. அன்று பின்னேரமே அதை இறக்கினேன்.

திறந்ததும் முகப்பில் ஒரு கடல். சூரியன் விழுந்துவிட்டது, வெளிச்சம் இன்னும் போகவில்லை. அந்தக் கடலின் மேலே ஒரு பெண் நடந்துபோனாள். அவள் காலடியில் நுரை பூத்துப் பூத்து அழிந்தது. திரும்பிப் பார்க்காமல் போய்க்கொண்டே இருந்தாள். வெறும் வயிற்றோடு யன்னலடியில் சாய்ந்திருந்த எனக்கு அந்தக் குளிர் உள்ளங்காலில் தெரிந்தது. நான் கிணற்றடி ஊரில் வளர்ந்தவள், கடலில் முழங்காலுக்கு மேல் இறங்கியதில்லை.

"உந்தப் பெண் ஆர்?" விளையாட்டுக்குள்ளேயே கதைக்கலாம் என்பதால் அவரிடம் கேட்டேன்.

"நுரைப்பெண். அவவை விடுவிச்சால் பிறகு நாங்கள் அவவா மாறி நடக்கலாம்."

"எனக்கு அவள் வேணும்" என்றேன். நான் ஒரு மனுஷனிடம் வாய்விட்டு இது வேண்டும் என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அது அவருடைய உலகம். நான் அங்கே விருந்தாளி. பெரிய எதிரிகளை ஒவ்வொருவராக வெல்லவேண்டும். வென்ற விதத்தைப் பொறுத்துப் புதிய ஆட்கள் எங்களோடு வந்து சேருவார்கள், அவர்களுடைய உருவத்தை எடுத்து விளையாடலாம். கரையின் வாசலில் வீடளவு நண்டு ஒன்று செத்துக் கிடந்தது. அது வாசற்காவல், முந்தியே அடித்தாகிவிட்டது என்றார். ஆரோடு என்று கேட்டேன். "வீட்டிலை" என்று மட்டும் சொன்னார்.

அந்த நண்டை வென்றதில் அவருக்கு ஓர் ஆமை கிடைத்திருந்தது. அதற்கு ஒரேயொரு பொத்தான். அமத்தினால் தலையை உள்ளுக்கு இழுக்கும். அதன் பின்னால் நிற்பவருக்கு அடி விழாது. சண்டையில் வேறு ஒன்றும் செய்யத் தெரியாத பிராணி. வாள் இருந்தும் அவர் வாளை எடுப்பதில்லை, எப்போதும் ஆமைதான். நான் வாளோடு பாய்வேன், விழுவேன். ஆமை நடந்து வந்து என்னை எழுப்பும். ஓடத் தெரியாது, நடந்துதான் வரும்.

"உந்த ஆமையை விட்டிட்டு வாளை எடுங்கோவன்! ஊந்து ஊந்து என்ரை உயிரை வாங்குது."

"எனக்கு இது காணும், வேறை வேண்டாம்" என்றார்.

விரதம் ஏற ஏறத் தலை இலேசாகிவிட்டது. வகுப்பில் கரும்பலகையில் கோடு கீறினால் அது அலையாக வளைந்தது. பிள்ளைகள் பெருக்கல் வாய்ப்பாடு சொல்ல, எனக்கு நுரை உடைகிற சத்தம் கேட்டது. பலாலி வீதியில் பஸ்ஸுக்கு நிற்கும்போது மழைத்தண்ணீர் செருப்புக்கு மேலே ஓடியது. இப்படியே ஓர் அடி எடுத்து வைத்தால் மேலே நடக்கலாம் போல இருந்தது. பின்னேரம் வீட்டுக்கு வந்து போனைத் திறந்தால், கரையில் ஆமை எனக்காகக் காத்துக்கொண்டு நிற்கும். கதைக்காத மனுஷனோடு அத்தனை நேரம் சும்மா இருந்தும் எனக்கு அலுக்கவில்லை. பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டுச் சொன்னால், நன்றாகவே பிடித்திருந்தது.

சூரன்போருக்கு இரண்டு நாள் முன்னர், பாதை மூன்றாகப் பிரிகிற இடத்துக்கு வந்தோம். ஒரு பாதையில் யானைத் தலையன். ஒன்றில் சிங்கத் தலையன். மற்றதில் ஒரு பெரிய மரம், அதன் வயிற்றுக்குள் நுரைப்பெண். எந்த வரிசையிலும் சண்டை பிடிக்கலாம், அது எங்கள் விருப்பம். பக்கத்தில் கல்லொன்றில் ஏதோ எழுதியிருந்தது. ஆர் நின்று வாசித்தது?

"யானை" என்றேன் நான். அதே நொடியில் அவரும் "யானை" என்றார்.

எங்களுக்கு இதை யாரும் சொல்லித்தரவேண்டுமா? நடக்கத் தொடங்கிய காலத்திலிருந்து கோயில் வீதியில் நின்று பார்க்கிறோம். யானைமுகன் முதலில் விழுவான், பிறகு சிங்கமுகன், கடைசியில் சூரன் மாமரமாக நிற்பான், வேல் மரத்தைப் பிளக்கும், மயிலும் சேவலும் வரும். ஆகவே யானையை அடித்தோம். சிங்கத்தை அடித்தோம். மறுநாள் பின்னேரம் மரத்தடிக்குப் போனோம்.

மரம் பட்டுப்போயிருந்தது. இலை ஒன்றும் இல்லை. வயிற்றுப் பொந்துக்குள் கொஞ்சம் உப்பு மட்டும் கிடந்தது.

திரும்பி ஓடிப்போய்க் கல்லை வாசித்தேன். யானை ஓர் ஊற்றுக்குக் காவல், சிங்கம் மற்ற ஊற்றுக்குக் காவல். காவல் விழுந்தால் ஊற்று வற்றும், இரண்டும் வற்றினால் மரம் சாகும். மரத்திடம்தான் முதலில் போயிருக்கவேண்டும். எங்கேயோ குளிர் நாட்டில் இருந்து இதைச் செய்தவனுக்கு எங்கள் கோயில் வீதி தெரியுமா? உலகத்தில் வேறு எவனும் இந்தப் பிழையை விட்டிருக்கமாட்டான்.

"இனி அவளை எடுக்கேலாதோ?"

"இந்த உலகத்திலை ஏலாது."

"நீங்கள்தானே முதல் யானைப் பக்கம் காலை வைச்சனீங்கள்!"

நானும் யானை என்று சொன்னவள்தான். அவர் அதைச் சொல்லிக்காட்டியிருக்கலாம். "ஓம்" என்றார். அந்த ஒற்றை ஓம் எனக்கு எரிச்சலைக் கிளப்பிவிட்டது. சண்டைக்குக்கூட வராத மனுஷனோடு என்னெண்டு குடும்பம் நடத்துவது? போனைக் கட்டிலில் எறிந்துவிட்டுக் குசினிக்குப் போனேன்.

"அம்மா, எனக்கு உந்தச் சம்பந்தம் வேண்டாம்."

அம்மா பாலை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டுத்தான் திரும்பினார். "பசியிலை கதைக்கிறாய். நாளைக்கு வந்து ஆளைப் பாத்திட்டுச் சொல்லு. அவையளை இனி மறிக்கேலாது."

மறுநாள் மழை விட்டிருந்தது. கோயில் வெளிவீதி முழுக்க ஈர மணல், கச்சான் கடலைக் கடைகள், ஐஸ்கிறீம் வண்டியின் பாட்டு. கோபிசங்கருடைய தாய் இரத்தினம்மா என் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் நிறுத்திக்கொண்டார். மாப்பிள்ளையைக் காணவில்லை.

"அங்கை பார், பிள்ளை. சூரனுக்குக் கீழை."

சூரனைத் தூக்குகிறவர்களில் முன்வரிசையில் அவர் நின்றார். படத்தில் பார்த்ததைவிட மெலிவு. எல்லாரும் முருகனைத் தூக்க அடிபடுவார்கள்; இவர் தோற்கிற பக்கத்துக்குத் தோள் கொடுத்துக்கொண்டிருந்தார். யானைத் தலையோடு சூரன் ஆடி ஆடி ஓடியது. பறைச் சத்தத்தில் என் வெறும் வயிறு அதிர்ந்தது. கண்ணைச் சிமிட்டினால் வீதி கடற்கரையாகிவிடும் போல, மணல் மினுங்கியது.

"உவன் கதைக்கமாட்டான், பிள்ளை. தேப்பனும் உப்பிடித்தான்" என்றார் இரத்தினம்மா. "போன வருசம் எங்கடை அவருக்குப் பாரிசவாதம் வந்து படுத்திட்டார். இடக்கைப் பெருவிரல் மட்டும் கொஞ்சம் அசையும். உவன் பக்கத்திலை இருந்து போனைக் கையிலை வைச்சுவிட, ரெண்டு பேருமா ஏதோ நண்டோடை சண்டை. அவர் பாவம், ஒரு அடியும் அடிக்கேலாமல் சும்மா வைச்சுக்கொண்டு இருந்தார். அடியாமலே கடைசி மட்டும் நிண்டதுக்குத்தான் ஆமை வந்ததெண்டு உவன் துள்ளின துள்ளு! அதுக்கு ஒரு இடத்திலை அமத்தினாக் காணுமாம். பிறகு அவர்தான் ஆமை. கண்ணை மூடுமட்டும் ஆமைதான்."

யானைத் தலை விழுந்தது. சிங்கத் தலை ஏறியது. சனம் அரோகரா என்றது. ஊந்து ஊந்து உயிரை வாங்குது என்று நான் சொன்னது என் காதிலேயே திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தது.

மாமரக் கொப்பு பிளந்து, மயிலும் சேவலும் வந்து, சனம் கலைகிற நேரத்தில் அவர் எங்களிடம் வந்தார். தோளில் தோல் உரிந்திருந்தது. அம்மாவும் இரத்தினம்மாவும் கச்சான் வாங்குகிற சாட்டில் அப்பால் போனார்கள்.

"நேற்று எல்லாத்தையும் அழிச்சுப்போட்டன்" என்றார்.

"என்னத்தை?"

"அந்த உலகத்தை. முதலிலை இருந்து தொடங்குவம். இந்த முறை மரம் முதல்."

"அப்ப, ஆமை?"

மணலைப் பார்த்தார். "அதுவும் போயிட்டுது. உங்களுக்கு அந்தப் பெண் வேணுமெண்டு சொன்னனீங்களெல்லோ."

"ஆர் உங்களை அழிக்கச் சொன்னது?" நான் கத்தியதில் கச்சான்காரி திரும்பிப் பார்த்தாள். "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டீங்களோ? எனக்கு ஒரு விசர்க் கோபம் வந்தால் அதுக்காக உள்ளதெல்லாத்தையும் கொண்டுபோய்க் கடலிலை கொட்டுறதோ?" எனக்கு அழுகை வந்துவிட்டது. பெண் பார்க்க வந்த இடத்தில், அவிழ்ந்த தலையும் மூக்குச் சளியுமாக நின்றேன். அவர் தோளில் கிடந்த சால்வையை நீட்டினார். அதில் சந்தனமும் வியர்வையும் மணத்தன.

வீட்டுக்குத் திரும்புகிற வான் வண்டியில் அம்மா கேட்டார். "என்ன சொல்ல அவையளுக்கு?"

"நாளைக்குச் சொல்லுறன்."

மறுநாள் காலை விரதம் முடிக்கிற பாறணை. சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் வயிற்றுக்குள் போனதும் உலகம் மங்கலாகி, இனிப்பான ஒரு நித்திரை கண்ணைச் சுற்றியது. மழை திரும்பவும் தொடங்கியிருந்தது. நான் படுக்கவில்லை. போனைத் திறந்தேன். அதே கடல், அதே வெளிச்சம். கரையில் ஒரு புதிய வாள்காரனாக அவர் நின்றார். பின்னால் ஒருவரும் இல்லை.

வாசலில் நண்டு உயிரோடு எழுந்தது.

"நீங்கள் இடப்பக்கம் அடியுங்கோ, நான் வலப்பக்கம்" என்றார்.

நான் அடிக்கவில்லை. ஓடினேன், குனிந்தேன், பாறைக்குப் பின்னால் பதுங்கினேன். நண்டின் கொடுக்கு என்னைத் தேடித் தேடி வந்தது. விழுந்தால் எல்லாம் வீண், உயிரோடு நிற்கவேண்டும். என் பெருவிரல் வாளின் பொத்தானுக்குமேலே துடித்தது. எவனாவது என்னைத் தட்டினால் திருப்பி அடிக்காமல் விட்டவள் இல்லை நான். பள்ளிக்கூடத்திலும் இல்லை, வீட்டிலும் இல்லை. விரலை மடக்கிப் பிடித்துக்கொண்டேன்.

"அடியுங்கோ! என்ன செய்யிறியள்?"

அடுத்த பாறைக்குப் பின்னால் ஓடினேன்.

"சுவர்ணா, அடியுமப்பா! உமக்கு என்ன நடந்தது?" அந்த வாயிலிருந்து இவ்வளவு சத்தம் வருமென்று நான் நினைக்கவில்லை.

"எனக்குக் கை ஏலாது" என்றேன்.

அவருடைய பக்கத்தில் மழைச் சத்தம் மட்டும் கேட்டது. அவருக்கு விளங்கிவிட்டது. தனியாகவே நின்று அடித்தார். என்னை நோக்கி வந்த கொடுக்கையெல்லாம் குறுக்கே பாய்ந்து வாங்கினார். கன நேரம் எடுத்தது. நண்டு மெல்ல மெல்ல மணலில் சரிந்தது.

கடல் கொஞ்சம் பின்வாங்கியது. ஈர மணல் அசைந்து, அதற்குள்ளிருந்து ஆமை தலையை நீட்டியது. எங்கள் இரண்டு பேரையும் பார்த்தது. மெதுவாக நடந்து வந்து, வாள்காரனின் காலடியில் நின்றது.

போனுக்குள் ஒரு பெரிய மனுஷன் அழுகிற சத்தம் கேட்டது. நான் பேசாமல் கேட்டுக்கொண்டிருந்தேன். வாழ்க்கையில் நான் அவ்வளவு நேரம் வாயை மூடியிருந்ததில்லை.

குசினியிலிருந்து அம்மா கூப்பிட்டார். "சுவர்ணா, அவையள் போன் எடுக்கினம். என்ன சொல்ல?"

"ஓம் எண்டு சொல்லுங்கோ" என்று கத்தினேன். "பிறகு என்னைக் கொஞ்ச நேரத்துக்குக் கூப்பிடாதேங்கோ. நாங்கள் மரத்தடிக்குப் போகோணும், ஆமை நடந்துதான் வரும்."