தலைவர் கடைசியாகத்தான் கதைப்பார்

ஜோக்கிமுக்குத் தலைமையுரை என்றால் உயிர். பலேர்மோ தமிழ்க் கத்தோலிக்க மன்றத்தில் எது நடந்தாலும், ஒளிவிழாவோ அஞ்சலிக் கூட்டமோ, ஒலிவாங்கி முதலில் அவர் கைக்குத்தான் போகும். போனால் இலேசில் திரும்பி வராது. சனம் கொட்டாவி விடும், பிள்ளைகள் கதிரைகளுக்கு அடியில் ஓடிப்பிடித்து விளையாடும், குசினியில் பெண்கள் பொரித்து வைத்த பற்றிஸ் ஆறி அவலாகிப் போகும். மனுசன் அசரமாட்டார். அதற்காக ஆளைக் குறை சொல்லவும் முடியாது. ஒரேத்தோப் பகுதியில் ஒரு மாடிக்கட்டடத்தில் வாயில்காவல் வேலை. புதிதாக வந்து இறங்கும் பிள்ளைகளுக்கு அறை பிடித்துக் கொடுப்பார், வேலை தேடிக் கொடுப்பார், குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோர் வாசலில் அவர்களோடு மழையில் நனைந்துகொண்டு நிற்பார். நல்ல மனம்தான், வாய்தான் கொஞ்சம் நீளம்.

தொண்ணூற்றாறாம் ஆண்டு மாசி மாதம் ஊரெல்லாம் புதுச் சட்டத்தைப் பற்றிய கதைதான். கடுதாசி இல்லாமல் வேலை செய்கிறவர்கள் பெர்மெஸ்ஸோ என்ற வதிவிட அனுமதி எடுக்கலாம், ஆனால் 'இவர் என்னிடம் வேலை செய்கிறார்' என்று வேலை கொடுப்பவர் கையெழுத்து வைக்க வேண்டும். பங்குனி முடிந்தால் கதவு சாத்தியாகிவிடும். கையெழுத்து வைத்தால் வரி கட்ட வேண்டுமே! முத்தம் கொடுத்து "என் மகள் மாதிரி" என்று கொஞ்சிய வீட்டுக்காரச் சிஞ்ஞோராக்களுக்கெல்லாம் திடீரென்று பேனா பிடிக்கக் கை வரவில்லை.

கிளறாவின் சிஞ்ஞோராவும் அப்படித்தான். கிளறா மன்னார்ப் பிள்ளை. பொலிதேயாமாப் பக்கம் ஒரு பெரிய வீட்டில் தங்கியிருந்து அந்தக் கிழவியைப் பராமரிக்கிறாள். கிளறாவின் மகன் ஜோசுவா மடு அகதி முகாமில் அவளுடைய அக்காவோடு இருக்கிறான். அவள் விட்டுவிட்டு வரும்போது அவனுக்கு இரண்டு வயது, இப்போது பள்ளிக்கூடம் போகிறானாம். பெர்மெஸ்ஸோ கிடைத்தால் போய்ப் பிள்ளையைப் பார்த்துவிட்டுத் திரும்பி வரலாம். கிடைக்காவிட்டால், போனால் திரும்பி வர முடியாது, வராவிட்டால் பிள்ளைக்குச் சோறில்லை.

அந்த வீட்டில் அவளைக் கொண்டுபோய் விட்டவர் ஜோக்கிம். கிழவியின் மகன்தான் ஜோக்கிம் காவல் இருக்கும் கட்டடத்தின் நிர்வாகி. அவர் ஆள் கேட்க, இவர் பிடித்துக் கொடுத்தார். கார்த்திகையில் கிளறா அழுதுகொண்டு வந்தபோது, "கொழுவாதை பிள்ளை, பொறுமையா இரு. நான் கதைக்கிறன்," என்றார். இன்றுவரை கதைக்கவில்லை. நிர்வாகி தினமும் காலையில் படியேறும்போது இவர் "போஞ்ஜோர்னோ" சொல்லுவார், அந்தக் கதை தொண்டை வரை வரும், திரும்பிப் போய்விடும். சரியான நேரம் பார்த்துக் கேட்க வேண்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வார்.

இப்படியிருக்கும்போதுதான் அழைப்பு வந்தது. கானா, கேப் வேர்டே, ஐவரி கோஸ்ட் நாட்டு ஆட்களின் தலைவர்கள் மூன்று பேரும் சேர்ந்து ஓடித் திரிந்து, மாநில ஆளுநர் அலுவலகத்தில் ஒரு சந்திப்புக்கு நாள் வாங்கியிருந்தார்கள். ஒவ்வொரு சமூகத்துக்கும் ஒரு இடம். அதற்கு முன்னால் வியாழக்கிழமை பின்னேரம் கபோச் சந்தையடியில் ஒரு கிறிஸ்தவக் கோயில் மண்டபத்தில் எல்லாரும் கூடி, தாங்கள் தலைமை தாங்கிப் படித்ததை ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்வதாம்.

"கறுவலிட்டைப் போய் நாங்கள் படிக்கிறதோ?" என்றார் ஜோக்கிம், சட்டைக்குப் பொத்தான் போட்டபடி.

அவருடைய மனைவி விமலராணி இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். "உதைக் கண்ணாடியைப் பாத்துக்கொண்டு சொல்லுங்கோ பாப்பம். சிஞ்ஞோராவுக்கு நீங்களும் அவையளும் ஒரே நிறம்தான். சந்திப்புக்கு நாள் எடுத்தது அவையள். உங்கடை மன்றம் என்னத்தை எடுத்தது?"

ஜோக்கிம் கடைசிப் பொத்தானையும் போட்டு முடித்தார். மூன்று பொன்னாடைகளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, மனப்பாடம் செய்த இத்தாலிய உரையை முணுமுணுத்தபடி பேருந்து ஏறினார்.

மண்டபத்தில் மேடை இல்லை, ஒலிவாங்கி இல்லை. கதிரைகளை வட்டமாகப் போட்டிருந்தார்கள். முன்வரிசை எதுவென்றே ஜோக்கிமுக்குப் பிடிபடவில்லை. நம்மவர் வழக்கப்படி தலைவர்கள் மூவரையும் தேடிப்பிடித்து ஆளுக்கொரு பொன்னாடை போர்த்தினார். கானாக்காரி அக்கோசுவா, நல்ல கட்டுமஸ்தான மனுசி, மீன் வெட்டும் வேலை, பொன்னாடையைத் தடவிப் பார்த்துச் சந்தோஷமாகச் சிரித்தாள். ஜோக்கிம் அந்தச் சிரிப்பைப் பிடித்துக்கொண்டு தொண்டையைச் செருமி, "மதிப்புக்குரிய..." என்று தொடங்கினார்.

"இருங்கோ அண்ணா," என்றாள் அக்கோசுவா. அவள் சொன்னது இத்தாலியனில்தான், ஜோக்கிமின் காதில் இப்படி விழுந்தது. "எங்கடை ஊரிலை தலைவர் கடைசியாத்தான் கதைப்பார். முதல்லை கதைச்சால் மற்ற ஆக்கள் தலைவருக்குப் பிடிச்சதைத்தான் சொல்லுவினம். இஞ்சை வந்த புதிசிலை நானும் அதை மறந்துபோய் எல்லாத்தையும் நானே கதைச்சன். ஒரு வருசத்துக்குப் பிறகு மண்டபத்திலை நானும் கதிரையளும்தான் மிச்சம்."

எல்லாரும் சிரித்தார்கள். ஜோக்கிமும் பல்லைக் காட்டிவிட்டு உட்கார்ந்தார். கதிரைகள் மட்டும் மிஞ்சிய மண்டபத்தை அவருக்கும் தெரியும்.

பிறகு ஒவ்வொரு சமூகத்திலும் கஷ்டப்படுகிறவர்கள் பேசினார்கள். தலைவர்கள் பின்னால் கைகட்டி இருந்தார்கள். கேப் வேர்டேப் பெண்கள் பத்துப் பதினைந்து பேர் வந்திருந்தார்கள், எல்லாரும் வீட்டோடு தங்கி வேலை செய்கிறவர்கள். அவர்களுடைய தலைவி துல்சேயும் அதே வேலைதான். "ஞாயிறு ராவிலை கூட்டம் வைச்சம், ஆம்பிளையள் மட்டும்தான் வந்தினம்," என்றாள் துல்சே. "பெண்டுகளுக்கு அக்கறை இல்லையெண்டு நினைச்சன். அந்த நேரம் அவளவை சிஞ்ஞோராவுக்குச் சூப் காய்ச்சிக்கொண்டு நிண்டவை! அவளவைக்கு லீவு கிடைக்கிற வியாழன் பின்னேரத்துக்கு மாத்தினம், மண்டபம் நிரம்பிப் போச்சு."

ஜோக்கிமுக்கு முகம் சுருங்கியது. மன்றக் கூட்டம் ஞாயிறு தமிழ்ப் பூசை முடிந்து ஆறு மணிக்கு. கிளறாவும் மற்றப் பிள்ளைகளும் பற்றிஸ் பொரித்துக் கொடுத்துவிட்டு, கூட்டம் தொடங்க முன்னமே பேருந்துக்கு ஓடுவார்கள். அவர்களுக்குக் கூட்டத்தில் நாட்டமில்லை என்றுதான் இவ்வளவு நாளும் சொல்லித் திரிந்தார்.

"தமிழாக்களிலை ஆர் கதைக்கிறது?" என்று கேட்டார் ஐவரி கோஸ்ட் தலைவர் இப்ராகிமா.

"நான்," என்று எழுந்தார் ஜோக்கிம்.

"நீங்கள் சிஞ்ஞோரா வீட்டிலையோ வேலை?"

"இல்லை. ஆனா அவையளின்ரை கஷ்டம் எனக்குத் தெரியும்."

"அவையள் எங்கை?"

"அவையளுக்கு நேரமில்லை."

துல்சே விழுந்து விழுந்து சிரித்தாள். "இண்டைக்கு வியாழக்கிழமை! பலேர்மோவிலை இருக்கிற வேலைக்காரியள் முழுப்பேரும் இப்ப தெருவிலை. உங்கடை ஆக்கள் பொலிதேயாமாச் சதுக்கத்து வாங்கிலிலை இருந்து கடலை கொறிக்கினம். நான் வரேக்கை கண்டனான்."

அந்த நேரம் பூமி பிளந்திருந்தால் ஜோக்கிம் உள்ளே போயிருப்பார். கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்து, சந்தைக்குள்ளால், மீன் தண்ணீர் சப்பாத்தில் தெறிக்கத் தெறிக்க நடந்தார். கோபம் வந்தது. யார் மீது என்று தெரியாததால் அது இன்னும் கூடியது.

துல்சே சொன்னபடியே அவர்கள் அங்கேதான் இருந்தார்கள். கிளறாவுக்குப் பக்கத்தில் மொரீசியஸ்காரி எமிலி. அவளும் தமிழ் வழிதான். போன கிழமைதான் தைப்பூசத்துக்கு விரதமிருந்து முடித்திருந்தாள். ஆனால் தமிழில் "வணக்கம்" தவிர ஒன்றும் வராது. 'மொழியும் இல்லை, வேதமும் வேறை' என்று மன்றத்தில் மொரீசியஸ்காரரைச் சேர்ப்பதில்லை. அது ஜோக்கிம் போட்ட சட்டம்.

"ஐயோ, தலைவர்!" என்று கிளறா கையைக் கொட்டினாள். "என்ன, தேர்தல் வருதோ?"

"பகிடி விடாதை பிள்ளை. கெதியா வாங்கோ. கபோவிலை கூட்டம். நீங்கள்தான் கதைக்க வேணுமாம்."

"எங்களுக்காக நீங்கள் கதைக்கிறன் எண்டியளே. கதைச்சு முடிஞ்சுதோ?"

ஜோக்கிம் நிலத்தைப் பார்த்தார். "இல்லை. வாங்கோ."

"எமிலி வந்தால் வாறன். அவளின்ரை சிஞ்ஞோராவும் கையெழுத்து வைக்கேல்லை."

"இது தமிழாக்களின்ரை இடம் பிள்ளை..."

"அப்ப நீங்களே போய் இருங்கோ." கிளறா கடலைப் பையை மறுபடி பிரித்தாள்.

ஜோக்கிம் மணிக்கூட்டைப் பார்த்தார். பிறகு எமிலியிடம் திரும்பி இத்தாலியனில், "நீயும் வா, மகள்," என்றார். அவர் அவளோடு பேசிய முதல் வார்த்தை அதுதான்.

மண்டபத்தில் கிளறா எழுந்து, தனக்குத் தெரிந்த இத்தாலியனில் தொடங்கினாள். தொடங்கிய பிறகு நிற்கவில்லை. கிழவிக்கு மலம் அள்ளுவதைச் சொன்னாள், "நாளைக்குப் பாப்பம்" என்ற சொல்லை அவள் எத்தனை மாதமாகக் கேட்கிறாள் என்று சொன்னாள், ஜோசுவாவைப் பற்றிச் சொன்னாள். பிறகு ஜோக்கிமைப் பார்க்காமலே சொன்னாள்: "இவர் நல்லவர். ஆனா சிஞ்ஞோராவின்ரை மகன் இவருக்கு முதலாளி. அதாலைதான் என்னைப் பொறுமையா இருக்கச் சொன்னவர். எனக்காக இவர் கதைக்க வேண்டாம். எமிலி கதைக்கட்டும். அவளுக்கு இத்தாலியன் தண்ணி பட்ட பாடு, பயமும் இல்லை."

ஜோக்கிம் பாதி எழுந்துவிட்டார். "அது வந்து..."

அக்கோசுவா உள்ளங்கையைக் கீழே காட்டினாள். ஜோக்கிம் உட்கார்ந்தார். தன்னைப் பற்றி இன்னொருவர் பேச, பதில் சொல்லாமல் இருப்பது அவர் வாழ்க்கையில் இதுதான் முதல் தடவை. வெட்கம் பிடுங்கித் தின்றது. பொய் என்று கத்த வேண்டும் போல இருந்தது, பொய்யில்லை என்பதும் தெரிந்திருந்தது.

"இன்னொண்டு," என்றார் இப்ராகிமா. "கையெழுத்துக்குப் பதிலா, வேலை செய்யிறதை நேரிலை கண்ட ஒருவரின்ரை சாட்சியத்தை ஏற்கச் சொல்லிக் கேக்கப் போறம். வெறுமனே கேட்டால் சிரிச்சு அனுப்பிப்போடுவினம். பேர் சொல்லி, இவர்தான் சாட்சியெண்டு ஒராளையெண்டாலும் கூட்டிக்கொண்டு போகவேணும். கடுதாசி உள்ள ஆளா இருக்கவேணும். ஆர் வாறியள்?"

எமிலி கிளறா இருக்கும் அதே கட்டடத்தில் மேல்மாடியில் வேலை செய்கிறவள், எல்லாம் கண்டவள், ஆனால் அவளுக்கே கடுதாசி இல்லை. கடுதாசி உள்ளவர்கள் தங்கள் வேலையை நினைத்துத் தரையைப் பார்த்தார்கள். அவர்களைக் குறை சொல்ல யாருக்கு வாய் வரும்?

"சரி," என்றாள் அக்கோசுவா. "இனித் தலைவர்மார் கதைக்கலாம். அண்ணா, உங்கடை முறை."

ஜோக்கிம் எழுந்தார். மனப்பாடம் செய்த உரையில் ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. நாளைக் காலையில் நிர்வாகி படியேறி வருவது கண்ணுக்குள் தெரிந்தது. வாயில்காவல் வேலையோடு வந்தது அந்தக் கீழ்மாடி வீடு. வேலை போனால் வீடும் போகும். விமலராணியிடம் எப்படிச் சொல்வது என்று நினைத்தார். இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு அவள் பார்க்கும் பார்வை நினைவுக்கு வந்தது.

"எங்கடை இடத்திலை எமிலி போகட்டும்," என்றார். "கிளறாவை அந்த வீட்டிலை கொண்டுபோய் விட்டது நான். அவ அங்கை வேலை செய்யிறதை நான் கண்ணாலை கண்டனான். என்ரை பேரைச் சொல்லுங்கோ. நான் வாறன்."

அவ்வளவுதான். உட்கார்ந்துவிட்டார். அவர் வாழ்க்கையில் இவ்வளவு சின்ன உரை செய்ததில்லை. யாரும் கைதட்டவில்லை. துல்சே மட்டும் எட்டி அவர் தோளில் ஒரு அடி போட்டாள், நல்ல பலமான அடி. அதற்குப் பிறகு, மூலையில் இருந்த ஒரு கானாக்காரன் கையைத் தூக்கித் தானும் இன்னொருத்திக்குச் சாட்சி வருவதாகச் சொன்னான்.

கூட்டம் கலைந்து எல்லாரும் சால்வையைச் சுற்றிக்கொண்டு வெளியேறினார்கள். வேலைக்குத் திரும்ப நேரமாகிவிட்டது, ஆனால் கிளறா கதவடியில் நின்றாள்.

"அண்ணை, வேலை போயிடுமே," என்றாள்.

"போகும்தான். பாப்பம்."

அவள் தலையை ஆட்டினாள். சந்தையில் அவர்கள் முன்னால் ஒரு கடையில் தொங்கிய பிள்ளைகளின் சப்பாத்துகளைப் பார்த்தாள். பிறகு ஓவென்று அழத் தொடங்கிவிட்டாள்.

"போகேக்கை அவனுக்குச் சப்பாத்து வாங்கிக்கொண்டு போகவேணுமெண்டு எப்பவும் நினைக்கிறனான் அண்ணை. அவன்ரை கால் இப்ப எவ்வளவு இருக்குமெண்டே எனக்குத் தெரியாதே."

ஜோக்கிம் பேசாமல் அவளுக்குப் பக்கத்தில் நின்றார்.